பதக்கப் பட்டியலில் என் மகளின் பாதிப் பெயர்

1

நாங்கள் கனடாவுக்கு வந்து இந்தப் பனிக்காலத்தோடு பத்து வருஷம். ராயபுரத்திலிருந்து எழுதுகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "பழகிப் போச்சா?" குளிர் பழகிவிட்டது. எது பழகவில்லை என்று இதுவரை எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஹாமில்டன் என்ற இரும்பாலை நகரத்தில் இருக்கிறோம். நான் ஆஸ்பத்திரி நர்ஸ். என் கணவர் வேலாயுதம் ஆலையில் ஃபிட்டர். ஒரே மகள் ஸ்டெல்லா. நாலு வயதில் இங்கே வந்தவளுக்கு இப்போது பதினான்கு. ஐஸ் தளத்தின் மேல் சறுக்கி ஆடும் ஸ்கேட்டிங்தான் அவளுக்குச் சாப்பாடு, தூக்கம், சாமி எல்லாம்.

போன மாதம் ஒரு காலை, வார்டில் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்த ஒரு அம்மாளுக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மறுகையில் செய்தித்தாளைப் பிடித்திருந்தார்.

"இந்தப் பெண்ணின் கண்ணைப் பாருங்கள். இத்தாலிக்காரியாக இருக்குமோ? பெயர் வேல்ஸ் நாட்டுக்காரர்கள் பெயர் மாதிரி இருக்கிறது" என்றார்.

குனிந்து பார்த்தேன். என் மகள். நான் தைத்துக்கொடுத்த நீலச் சட்டையில் கையை விரித்து நிற்கிறாள். அந்த வாரம் நடக்கவிருந்த மாகாண ஜூனியர் பெண்கள் போட்டியில் பதக்கம் வாங்கக்கூடிய மூன்று பேர் என்று தலைப்பு. படத்துக்குக் கீழே மூன்றாவது பெயர்: ஸ்டெல்லா வேல்.

ஆங்கிலத்தில் பள்ளத்தாக்கு என்று பொருள் வரும் சொல் அது. எங்கள் வீட்டில் யாருக்கும் அப்படி ஒரு பெயர் கிடையாது.

"தெரிந்த பெண்ணா?" என்று கேட்டார் அந்த அம்மாள். இது என் மகள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் கையில் கட்டியிருந்த பட்டையைக் கழற்றிக்கொண்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டேன்.

2

ஊரில் இருப்பவர்களுக்கு இந்த விளையாட்டைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நமக்கு ஐஸ் என்றால் மீனுக்குப் போடுவது. உமி ஒட்டிய பாளத்தைக் கொக்கி போட்டு இழுத்துவந்து, உடைத்துக் கூடையில் கொட்டுவார்கள். இங்கே ஒரு பெரிய கொட்டகைக்குள் தரை முழுக்க ஐஸ். அதன் மேல், அடியில் கத்தி வைத்த பூட்ஸ் போட்டுக்கொண்டு ஆட வேண்டும்.

காலையில் ஐஸ் மேல் எட்டு போடும் போட்டி. ஒற்றைக் காலில் சறுக்கி எட்டு வரைந்து, அதே கோட்டின் மேலேயே மறுபடியும் மறுபடியும் போக வேண்டும். அதன்பின் நடுவர்கள் நடந்துவந்து, குனிந்து, தடத்தைப் பார்த்து மார்க் போடுவார்கள். மாலையில் இசைக்கு ஆட்டம். குதிப்பது, சுழல்வது எல்லாம் அதில்தான். மார்க்கில் பாதி கண்ணுக்குத் தெரிவதற்கு. மீதிப் பாதி நடுவர் மனசுக்குத் தோன்றுவதற்கு. கால்பந்தில் வலைக்குள் போனால் கோல். எந்த வீட்டுப் பையன் அடித்தாலும் கோல்தான். இதில் அப்படி இல்லை.

என் அண்ணன் சவரி குத்துச்சண்டை பழகியவன். போட்டி வந்தால் முந்தைய வாரம் முழுக்க எங்கள் தெரு டீக்கடையில் யார் ஜெயிப்பான் என்ற பேச்சுதான். "அவனுக்கு மூச்சு வாங்குது மாமு, மூணாவது ரவுண்டுல குந்திக்குவான் பாரு" என்பான் சவரி. அவன் குந்தமாட்டான். ஜெயிப்பான் என்று சவரி கை காட்டியவன்தான் கவிழ்ந்து கிடப்பான். மறுநாள் அதே டீக்கடையில் சவரியை ஓட்டு ஓட்டென்று ஓட்டுவார்கள். முன்கூட்டிச் சொல்வது ஊரில் வாய்க்கு ருசி, அவ்வளவுதான். ரிங்குக்குள் அதற்கு வேலை கிடையாது.

இங்கே பத்திரிகையில் முன்கூட்டிச் சொல்கிறவர் ஒரு பழைய நடுவர். இப்போதைய நடுவர்களெல்லாம் அவர் தோழிகள். பயிற்சி நேரத்தில் அவர்களோடு உட்கார்ந்து காபி குடித்தபடி பெண்களைப் பார்ப்பார். அந்த வாரமே அவர் எழுதும் பட்டியல் அச்சில் வரும். போட்டி நாளில் நடுவர்கள் அந்தப் பட்டியலை மனசில் வைத்துக்கொண்டுதான் ஐஸில் இறங்குகிறார்கள். இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. பல வருஷமாகக் கொட்டகையின் பார்வையாளர் மரப்பலகையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

போன வருஷம் ஸ்டெல்லா வேலாயுதம் என்ற பெயரில் ஆடினாள். கிளப்புக்குள் நடந்த தேர்வில் அவளுக்குப் பின்னால் வந்த இரண்டு பேர் பத்திரிகைப் பட்டியலில் இருந்தார்கள்; இவள் இல்லை. போட்டியிலும் அவர்கள் மேலே வந்தார்கள். இவள் கீழே போனாள். இந்த வருஷம் பெயர் பாதியானதும் பட்டியலில் வந்துவிட்டாள். ஆடியது அதே கால்தான்.

3

அன்று மதியம் வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல், வழியில் வாங்கிய அந்தப் பேப்பரைச் சமையலறை மேசையில் போட்டேன். என் கணவர் ஷிஃப்டுக்குப் போக டிபன் பெட்டியில் சோறு கட்டிக்கொண்டிருந்தார்.

"இது இன்னா?"

பார்த்தார். முகத்தில் ஆச்சரியம் இல்லை. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" சாதாரணமாக நான் அவரை நீ என்று சொல்வதில்லை. அன்று வந்துவிட்டது.

"டோரத்தி அம்மா கேட்டாங்கோ" என்றார். டோரத்தி ஸ்டெல்லாவுக்குப் பயிற்சி கொடுப்பவர். "மைக்ல கூப்புடறவனுக்கு வாய்ல நுழையலியாம். சின்னதா வெச்சா நல்லதுன்னாங்கோ. பாப்பாவும் சரின்னுச்சு. பெத்தவங்க கையெழுத்து வோணும்னாங்கோ. போட்டேன்."

"என்ன ஒரு வார்த்தை கேக்கத் தோணல?"

"கேட்டா நீ இப்டித்தான் கத்துவே."

"கத்தாம? உன் பேர வெட்டிப் போட்டுகீறாங்க. உனக்கு ஒண்ணுமே இல்லியா?"

டிபன் பெட்டியை மூடிக்கொண்டே சிரித்தார். "வேலாயுதத்துல வேலு இன்னும் கீது இல்ல. ஆயுதத்த மட்டும் புடுங்கிகினாங்கோ."

எப்போதும் இப்படித்தான். அடிவாங்கும் இடத்தில் ஒரு சிரிப்பை வைத்துவிட்டுப் போவார். நான் பேப்பரை இரண்டாகக் கிழித்துக் குப்பையில் போட்டேன். சாயங்காலம் ஸ்டெல்லா பள்ளியிலிருந்து வந்து, குப்பையிலிருந்து அதை எடுத்து, டேப் ஒட்டித் தன் அறைக்குக் கொண்டுபோனாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. போட்டி முடியும்வரை நானும் அவளிடம் சாப்பிட்டாயா என்பதற்கு மேல் பேசவில்லை.

4

அவர் சிரிப்பை நான் ஏன் பொறுக்கவில்லை என்றால், இது எங்கள் வீட்டில் இரண்டாவது தடவை.

அறுபதுகளின் தொடக்கம். அவர் வியாசர்பாடிக்காரர். தொழிற்பயிற்சி முடித்துவிட்டுத் திருவொற்றியூர்ப் பக்கம் ஒவ்வொரு கம்பெனி கேட்டாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். ஒரு கம்பெனியில் மனு வாங்கும் கிளார்க், தாளில் விலாசத்தைப் பார்ப்பான். வியாசர்பாடி என்றால் வலது பக்கத் தாள்கட்டோடு சேர்ப்பான். மற்றதெல்லாம் இடது பக்கம். வலது பக்கக் கட்டிலிருந்து யாருக்கும் அழைப்பு வந்ததில்லை. அந்த ஊர் என்றால் இன்ன ஜாதி, இன்ன நடத்தை என்று அந்தக் கிளார்க்குக்கு ஒரு கணக்கு. வேலை தெரியுமா என்று கேட்கும் இடத்துக்கே போகவிடமாட்டான்.

அண்ணன் சவரியும் அவரும் ஒரே இடத்தில் குத்துச்சண்டை பழகியவர்கள். "எங்க வூட்டு அட்ரஸ் போடுடா" என்றான் சவரி. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். கோயில் தெருவில் எங்கள் வீடு. அப்பாவிடம் கேட்டபோது, "போட்டுக்கட்டும். நம்ம அட்ரஸ் இன்னா தேஞ்சா பூடும்?" என்றார்.

இந்தத் தடவை தாள் இடது பக்கம் போனது.

தினமும் சாயங்காலம் அவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார். "எதுனா வந்துச்சா?" நான் இல்லை என்பேன். நர்ஸ் படிப்பில் சேர்ந்திருந்த சமயம். அவர் வராத நாளில் நான் ஏன் வாசலைப் பார்க்கிறேன் என்று எனக்கே கோபம் வரும். ஒருநாள் தபால்காரர் வந்து, "அந்தோணியார் படம் மாட்டின வூட்ல வேலாயுதம்னு யாரு கீறாங்கோ?" என்று கேட்டார். கையெழுத்துப் போட்டு வாங்கியவள் நான்தான். வேலை உத்தரவு.

அடுத்த வருஷம் அவர் என்னைக் கேட்டு வந்தார். அப்பா அவரைப் பார்த்துப் பேசவில்லை. சவரியைப் பார்த்துச் சொன்னார்: "அட்ரஸ் கேட்டான், குடுத்தேன். பொண்ணும் அப்டியேன்னு நெனச்சிகினானா?"

பதிவு ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டோம். பேசின் பிரிட்ஜ் மின் நிலையத்துச் சாம்பல் துவைத்த துணியில் படியும் ஒரு ஒற்றை அறையில் குடித்தனம். அப்பா எட்டிப் பார்க்கவில்லை. பெண் பிறந்ததும்தான் வந்தார். தூக்கி வைத்துக்கொண்டு, "கடல் நட்சத்திரம், ஸ்டெல்லா" என்றார். அது மாதாவின் பெயர். இப்படித்தான் என் மகளுக்கு முன் பாதி ராயபுரத்திலிருந்தும் பின் பாதி வியாசர்பாடியிலிருந்தும் வந்தது. அதில் எந்தப் பாதியை வெட்டினார்கள் என்று பாருங்கள். கடல் தாண்டி வந்தும் வெட்டுப்படுவது வியாசர்பாடிதான். ராயபுரத்துப் பெயர் இவர்கள் காதுக்குப் பழக்கமான வேதக்கார, அதாவது கிறிஸ்தவப் பெயர் என்பதால் தப்பித்தது.

இங்கே வந்து இறங்கிய நாளில் குடியேற்ற அதிகாரி குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார். வேலாயுதம் என்றார் இவர். சொந்தப் பெயர்? அதுவும் வேலாயுதம். அதிகாரி தோளைக் குலுக்கிவிட்டு இரண்டு கட்டத்திலும் அதையே எழுதினார். "ஊர்ல ஒரு பேருக்கே வழியில்ல, இங்க ரெண்டு குடுத்துட்டான் பார்" என்று இவர் அன்றும் சிரித்தார். அன்று நானும் சிரித்தேன்.

5

போட்டி நாள். கொட்டகையில் எங்களுக்குப் பக்கத்தில் ஓல்கா உட்கார்ந்திருந்தார். உக்ரைன்காரப் பெண்மணி, அவர் கணவரும் இரும்பாலையில்தான். அவர் மகள் ஹலினாவுக்கு ஸ்டெல்லாவின் வயது. அவர்கள் குடும்பப் பெயர் எங்களுடையதைவிட நீளம். போன வருஷம் எங்கள் இரண்டு பெண்களுமே பட்டியலில் இல்லை. இதே பலகையில் உட்கார்ந்து ஒரே ஃபிளாஸ்கில் டீ குடித்து இரண்டு பேரும் சேர்ந்து திட்டிக்கொண்டிருந்தோம். இந்த வருஷம் அவர் ஃபிளாஸ்கைத் திறந்தார், எனக்கு ஊற்றிக்கொடுத்தார், பேசவில்லை.

காலையில் எட்டு போடும் போட்டி. ஸ்டெல்லா போட்டு முடித்து நகர்ந்தாள். ரோமக் கோட்டுப் போட்ட நடுவர்கள் மெதுவாக வந்தார்கள். குனிந்தார்கள். ஒருவர் முழங்காலில் கைவைத்து, முகம் ஐஸில் படுகிற மாதிரி குனிந்து பார்த்துவிட்டுத் தலையசைத்தார். ஹலினா போட்ட எட்டுக்கு நின்ற இடத்திலிருந்தே பார்த்து எழுதிவிட்டுப் போனார்கள்.

மாலையில் ஒலிபெருக்கியில், "ஸ்டெல்லா வேல்" என்றான். சுற்றி எல்லோரும் கைதட்டினார்கள். என் கணவரும் தட்டினார். நான் கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன். ஐஸின் நடுவில் நின்று அவள் எங்கள் பக்கம் பார்த்தாள். பார்த்தாள் என்பது எனக்குத் தெரியும்.

நன்றாக ஆடினாள். பொய் சொல்லக் கூடாது. குதித்து இறங்கும்போது கத்தி ஐஸைத் தொடும் ஒரு சத்தம் உண்டு. சுத்தமாக இறங்கினால் துணி கிழிகிற மாதிரி கேட்கும். ஒவ்வொரு தடவையும் அப்படியே கேட்டது. என் நெஞ்சு அவளோடு ஏறி இறங்கியது. கை மட்டும் பையைவிட்டு வரவில்லை.

பட்டியலில் இரண்டாவதாக இருந்த பெண் இரண்டு தடவை விழுந்தாள். ஹலினா விழவே இல்லை. ஆடி முடித்ததும் ஓல்கா சிலுவை போட்டுக்கொண்டார்.

முடிவு சொன்னார்கள். விழுந்த பெண் இரண்டாவது. ஸ்டெல்லா மூன்றாவது. ஹலினா நான்காவது. பேப்பரில் வந்த வரிசையில் ஒரு எழுத்து மாறவில்லை.

ஓல்கா ஃபிளாஸ்கை மூடினார். "உங்கள் பெண்ணுக்கு நல்ல பெயர் கிடைத்துவிட்டது" என்றார். பொறாமையாகச் சொல்லவில்லை. இருப்பதைச் சொன்னார். அதற்குமேல் நிற்காமல் படியிறங்கித் தன் மகளிடம் போனார்.

பட்டியல் எழுதும் பழைய நடுவர் நோட்டும் கையுமாக என்னிடம் வந்தார். வாழ்த்துக்கள் என்றார்.

"போன வருஷமும் இவள் இப்படித்தான் ஆடினாள். அப்போது உங்கள் பட்டியலில் இல்லை. இந்த வருஷம் என்ன மாறியது?" என்று கேட்டேன்.

கொஞ்சமும் தடுமாறாமல், "முதிர்ச்சி" என்றார். "ஒரு வருஷத்தில் இந்த வயதுப் பெண்கள் எவ்வளவு மலர்ந்துவிடுகிறார்கள், இல்லையா?"

"ஹலினா மலரவில்லையா?"

"யார்?" என்று கேட்டார். உண்மையிலேயே தெரியாமல் கேட்டார்.

பிறகு செய்தியில் போட என் பெயர் கேட்டார். பிலோமினா வேலாயுதம் என்றேன். ஒவ்வொரு எழுத்தாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

6

திரும்பும்போது காரின் பின்சீட்டில் ஸ்டெல்லா பதக்கத்தைக் கழுத்திலிருந்து கழற்றி மடியில் வைத்திருந்தாள். பாதி வழியில் ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள்.

"எல்லோருடைய அம்மாவும் கைதட்டினார்கள்."

"அவங்கல்லாம் அவங்க பொண்ணு பேரச் சொன்னப்போ தட்னாங்க" என்றேன் தமிழில்.

"போன வருஷமும் இதே எட்டுதான் போட்டேன், அம்மா. உன் பெயரில்தான் போட்டேன். அவர்கள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. இன்று குனிந்தார்கள். நீ பார்த்தாயா இல்லையா?"

பார்த்தேன்.

"அது உன் தப்பு இல்ல பாப்பா" என்றார் அவர், ரோட்டைப் பார்த்தபடி. பிறகு என்னிடம்: "நானும் உங்க வூட்டு அட்ரஸ்லதான உள்ள பூந்தேன். பூந்தப்பறம் என் கைவேலையப் பார்த்து அவனே வாய மூடிகினான். யாருக்கு இன்னா நஷ்டம்?"

எனக்குள் பத்து வருஷமோ, அதற்கும் மேலேயோ கிடந்தது ஒன்று வெளியே வந்தது.

"நீ பூந்தப்பறம் அந்தக் கம்பெனில வியாசர்பாடி ஆளு எத்தினி பேர எடுத்தான்?"

இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. ஆலையின் புகைபோக்கிகளைத் தாண்டி எங்கள் தெருவுக்குள் திரும்பி, வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்த பிறகுதான் பேசினார்.

"ஒருத்தனயும் எடுக்கல."

ஸ்டெல்லாவுக்கு இந்தக் கதை தெரியாது. எந்தக் கம்பெனி, எந்த விலாசம் என்று கேட்டாள். அவரே சொன்னார், வண்டிக்குள் உட்கார்ந்தபடியே. வலது பக்கக் கட்டு, இடது பக்கக் கட்டு, தபால்காரர், எல்லாம். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். "அப்போ ஹலினா வலது பக்கமா, நைனா?" என்றாள் கடைசியில். அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

பிறகு தமிழில், அவளுக்கு வரும் அந்த ஓட்டைத் தமிழில் சொன்னாள்: "எனக்கு ஆடணும்மா. அவ்ளோதான் எனக்கு வோணும்."

அவளைக் கோபித்துக்கொள்ள எனக்கு வழியில்லை. பதினான்கு வயதுப் பெண்ணிடம் பெயரா, கால்களா என்று கேட்கிறவர்கள் மீதுதான் கோபம். அடுத்த போட்டிக்கு என்ன பெயர் கொடுப்பாள் என்று எனக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது. டோரத்தி கேட்டபோது, யோசித்துச் சொல்கிறேன் என்றாளாம். போன தடவை யோசிக்கவில்லை. இதைத் தவிர நான் எழுதுவதற்கு நல்ல செய்தி ஒன்றும் இல்லை.

7

மறுநாள் பேப்பரில் அவள் படம் வந்தது. கீழே இரண்டு வரி. "பார்வையாளர் வரிசையில் பெருமிதத்தோடு அமர்ந்திருந்த தாயார் திருமதி வேல்" என்று போட்டிருந்தது. எழுத்தெழுத்தாகச் சொன்னதை எழுதிக்கொண்டுபோனவர் இப்படிப் போட்டிருக்கிறார்.

திங்கட்கிழமை காலை ஷிஃப்ட் மாறும் நேரம். இரவு வேலை பார்த்தவர்களும் பகல் வேலைக்கு வந்தவர்களும் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தோம். தலைமை நர்ஸ் உள்ளே வந்தார். நல்ல மனுஷி, நான் வந்த புதிதில் இந்தக் குளிருக்கு ஏற்ற காலணி எது என்று காட்டிக்கொடுத்தவர். இத்தனை வருஷமும் என் பெயர் வாயில் நுழையாமல், ஆங்கில முதலெழுத்தை மட்டும் வைத்து "மிஸஸ் வீ" என்று கூப்பிட்டுவந்தார். நானும் பொருட்படுத்தியதில்லை. வேலைக்கு இடையில் அதற்கெல்லாம் நேரம் ஏது?

"மிஸஸ் வேல்" என்றார்.

நான் கையிலிருந்த சார்ட்டைப் படித்துக்கொண்டிருந்தேன்.

"மிஸஸ் வேல்." பக்கத்தில் இருந்த பெண் என் முழங்கையை இடித்தாள். தலைமை நர்ஸ் அருகில் வந்து என் தோளில் கைவைத்தார்.

"உங்களைத்தான் கூப்பிட்டேன். பேப்பர் பார்த்தோம், எங்கள் எல்லோருக்கும் பெருமை. இவ்வளவு சுலபமான பெயரை வைத்துக்கொண்டு ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை?"

"நீங்கள் கூப்பிட்டது என்னை இல்லை" என்றேன்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்தினார்.

"என் பெயர் வேலாயுதம். சொல்லிப் பாருங்கள்."

அறையில் எல்லோரும் எழுதுவதை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். அவர் முகம் சிவந்தது. வே, என்று ஆரம்பித்தார். "வேலா... வேலாயூடம்."

"டம் இல்லை, தம். வே-லா-யு-தம்."

கடிகாரத்தைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். நான் எழுந்து நின்றேன்.

"மறுபடி சொல்லுங்கள்" என்றேன்.